அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் சம்பளம்: டபிள்யூ-2-இல் முதல் பெட்டி ஏன் காலி?

ஜனவரி முடிவதற்குள் அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிற எல்லோர் வீட்டுக்கும் டபிள்யூ-2 என்ற தாள் வந்துவிடும். போன வருடம் எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து அச்சடித்த தாள். கலிஃபோர்னியாவில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பக்கவாதம் வந்து நடமாட்டம் குறைந்துபோன தன் அம்மாவைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். அந்த வேலைக்கு அரசுத் திட்டம் ஒன்றிலிருந்து மணிக்கணக்கில் அவருக்குச் சம்பளம் வருகிறது.

"இதுல ஏதோ தப்பு இருக்கு. முதல் பெட்டியில ஒண்ணுமே போடலை. மூணாவதுலயும் அஞ்சாவதுலயும் மட்டும் முழுச் சம்பளம் இருக்கு. நான் வேலை பார்த்தேனா, இல்லையா?"

தப்பு எதுவும் இல்லை. அந்தக் காலிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சட்டம், இரண்டு நீதிமன்றத் தீர்ப்புகள், ஒரு படிவம் எல்லாம் இருக்கின்றன. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். இதில் வரும் தொகைகள் எல்லாம் 2025 வருடத்துக்கானவை, அதாவது 2026 ஏப்ரலுக்குள் ஃபைல் செய்கிற கணக்கு.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சம்பளத்தின் மேல் இரண்டு தனித்தனி வரிகள் உண்டு. ஒன்று வருமான வரி. வருடம் முடிந்தபின் கழிவுகள் எல்லாம் போக மிஞ்சுவதற்குக் கட்டுவது. முதல் பெட்டி இதற்கானது. இன்னொன்று முதியோர் பென்ஷனான சோஷியல் செக்யூரிட்டிக்கும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் போகும் பிடித்தம். ஃபைகா என்பார்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம், மொத்தம் 7.65. இதில் கழிவு கிடையாது, முதல் டாலரிலிருந்தே பிடிப்பார்கள். மூன்றாவது, ஐந்தாவது பெட்டிகள் இதற்கானவை. "எனக்கு டாக்ஸ் இல்லையாம்" என்று ஒருவர் சொன்னால், எந்த டாக்ஸ் என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, இந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகெய்ட். கலிஃபோர்னியாவில் அதன் பெயர் மெடி-கால். அதில் இருப்பவர் தானாகக் குளிக்க, சமைக்க, எழுந்து நடக்க முடியாத நிலையில் இருந்தால், நர்சிங் ஹோமுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஓர் ஆளுக்கு அரசே சம்பளம் கொடுக்கும். கலிஃபோர்னியாவில் இந்தத் திட்டத்தை ஐ.எச்.எஸ்.எஸ். என்கிறார்கள். கவுன்டியிலிருந்து, அதாவது மாவட்ட நிர்வாகத்திலிருந்து, ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, குளிப்பாட்ட இத்தனை நிமிடம், துணி துவைக்க இத்தனை மணி என்று கணக்குப் போட்டு மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒதுக்குவார். அதிகபட்சம் மாதம் 283 மணி. அந்த ஆள் மகளாக, மகனாக, கணவனாக, சமயத்தில் பெற்ற தாயாகக்கூட இருக்கலாம். பெயரும் விதியும் கொஞ்சம் கொஞ்சம் மாறி மற்ற மாநிலங்களிலும் இப்படித் திட்டங்கள் உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தது கலிஃபோர்னியா என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

இப்போது அந்தக் காலிப் பெட்டிக்கு வருவோம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 131 என்று ஒரு பிரிவு. வளர்ப்புப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் பணத்தை வருமானமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது அது. உடல், மன ஊனத்தால் ஒருவருக்குக் கூடுதல் கவனிப்பு தேவைப்பட்டு, அதற்காகத் தனியாகக் கொடுக்கிற பணமும் அதில் சேரும். ஆனால் அது வளர்ப்புக் குடும்பங்களுக்கு எழுதிய சட்டம். 'நீங்கள் பெற்ற தாய் ஆயிற்றே, வளர்ப்புத் தாய் இல்லையே' என்று வரித்துறை பிடித்த பிடியில் பல காலம் நின்றது. ஊனமுற்ற தன் வளர்ந்த மகளைப் பார்த்துக்கொள்ள இதே ஐ.எச்.எஸ்.எஸ். பணம் வாங்கிய ஒரு தாயின் வழக்கு 1992-இல் வரி நீதிமன்றத்துக்குப் போனது. பானன் வழக்கு என்று பெயர். அந்தப் பணத்துக்கு வரி உண்டு என்றுதான் தீர்ப்பு வந்தது. வேறு யாரோ ஒருவரின் பிள்ளையைப் பார்த்தால் வரி இல்லை, தன் பிள்ளையைப் பார்த்தால் வரி. சட்டத்தின் எழுத்துப்படி சரியாக இருக்கலாம், எனக்கு அது எந்தக் காலத்திலும் ஒப்பவில்லை.

வரித்துறைக்கும் ஒரு கட்டத்தில் ஒப்பவில்லை போலிருக்கிறது. 2014 ஜனவரியில் 'நோட்டீஸ் 2014-7' என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். நர்சிங் ஹோமுக்குப் போக வேண்டியவரை வீட்டில் வைத்துப் பார்க்க மெடிகெய்ட் திட்டத்தின் கீழ் கொடுக்கும் பணத்தை, அந்த 131-ஆம் பிரிவில் வரும் பணமாகவே இனி நடத்துவோம் என்றார்கள். பார்ப்பவர் உறவா, அந்நியரா என்பது கணக்கில்லை. பானன் மாதிரியான பழைய வழக்குகளைக் காட்டி இனி வாதாட மாட்டோம் என்றும் அதிலேயே சொல்லிவிட்டார்கள். ஐ.எச்.எஸ்.எஸ். சம்பளமும் இதில் சேரும் என்பது 2016-இல் உறுதியானது.

ஒரே ஒரு நிபந்தனை. பார்த்துக்கொள்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே வீட்டில் வாழ வேண்டும்.

இந்த 'வாழ' என்ற சொல்லில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில், வாடகை யார் கட்டுகிறார் என்பதெல்லாம் பொருட்டில்லை. அம்மா வீட்டில் மகள் போய் இருந்தாலும் சரி, மகள் வீட்டுக்கு அம்மா வந்தாலும் சரி. உங்கள் அன்றாட வாழ்க்கை அங்கே நடக்கிறதா என்பதுதான் கேள்வி. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது, பண்டிகை கொண்டாடுவது, தூங்கி எழுவது எல்லாம் அந்த வீட்டில் என்றால் அது உங்கள் வீடு. அம்மாவுக்காக வாரத்தில் சில இரவுகள் அங்கே தங்கிவிட்டு, மனைவி பிள்ளைகள் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறவருக்கு அம்மா வீடு பணியிடம்தான். அங்கே ஒரு பாயும் பல் துலக்கும் பிரஷும் வைத்திருப்பதால் அது அவர் வீடாகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலதி என்று ஒருவர், அவருக்கு ஒரு தம்பி என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாதம் ஆளுக்கு 90 மணி நேரம் அம்மாவைப் பார்க்கிறார்கள். மணிக்கு 20 டாலர். கவுன்டிக்குக் கவுன்டி சம்பளம் வேறு, கணக்கு எளிதாக வரட்டும் என்று 20 போட்டிருக்கிறேன். மாதம் 1,800, வருடம் 21,600 டாலர். மாலதி அம்மாவோடு இருக்கிறார். தம்பிக்குப் பத்து நிமிட தூரத்தில் தனி அபார்ட்மென்ட், கல்யாணம் ஆகவில்லை, வேறு வருமானமும் இல்லை.

ஃபைகா இருவருக்கும் ஒன்றுதான், மாதம் 137 டாலர் 70 சென்ட். வருமான வரிதான் வேறாகிறது. தம்பியின் முதல் பெட்டியில் 21,600 இருக்கும். தனி ஆளுக்கான அடிப்படைக் கழிவு 15,750. மிச்சம் 5,850-க்குப் பத்து சதவீதம் போட்டால் 585 டாலர் மத்திய அரசுக்கு. மாலதிக்கு முதல் பெட்டி காலி, வரி பூஜ்யம். ஒரே அம்மா, ஒரே வேலை, ஒரே கூலி.

தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐ.எச்.எஸ்.எஸ். சம்பளத்தில் வருமான வரியைத் தானாகப் பிடிக்க மாட்டார்கள். பிடிக்கச் சொல்லி நாமே டபிள்யூ-4 படிவம் கொடுத்தால்தான் பிடிப்பார்கள். அது தெரியாமல் 'மாதாமாதம் ஏதோ பிடிக்கிறார்களே, அதில் எல்லாம் அடங்கியிருக்கும்' என்று இருந்துவிட்டால் ஏப்ரலில் மொத்தமாக எடுத்துவைக்க வேண்டிவரும். அவர்கள் பிடித்தது ஃபைகா மட்டும்.

மாலதிக்கு முதல் பெட்டி காலியாக வருவதும் தானாக நடக்காது. எஸ்.ஓ.சி. 2298 என்று ஒரு படிவம் உண்டு. 'நான் இவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சுய உறுதிமொழி. மத்திய வரி, மாநில வரி இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரு படிவம் போதும். அப்பா, அம்மா இருவரையும் பார்க்கிறீர்கள் என்றால் ஆளுக்கொன்றாக இரண்டு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு வரும் சம்பளத்துக்குத்தான் அது செல்லும். ஜூலையில் கொடுத்தால் ஜனவரி முதல் ஜூன் வரையிலான சம்பளம் முதல் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அதற்காக அந்த ஆறு மாதத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. அப்போதும் ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்? அந்தத் தொகையை 1040 என்ற வருடாந்திர வருமான வரிப் படிவத்தில் அப்படியே காட்டிவிட்டு, அதன் இணைப்பான ஷெட்யூல் 1-இல் 8எஸ் என்ற வரிசையில் கழித்துவிடலாம். படிவம் ஒரு வசதிதான். சலுகை தருவது சேர்ந்து வாழ்வது. வீடு மாறிப் பிரிந்து போனால் 2299 என்ற இன்னொரு படிவம் கொடுத்து இதை ரத்து செய்ய வேண்டும்.

இனி வருவதுதான் பலர் கோட்டைவிடுகிற இடம். வரி இல்லை என்றால் ரிட்டர்னே போட வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். குழந்தை இருக்கிற வீட்டில் அது பெரிய நஷ்டம்.

குறைந்த சம்பளக்காரர்களுக்கு அமெரிக்க அரசு கையில் பணமாகத் திருப்பித் தருகிற ஒரு சலுகை உண்டு. ஈ.ஐ.டி.சி. என்பார்கள். உழைத்துச் சம்பாதித்திருந்தால்தான் கிடைக்கும். அப்படியானால் வருமானமே இல்லை என்று ஒதுக்கிவைத்த பணத்தை இதற்கு மட்டும் சம்பாத்தியமாகக் காட்ட முடியுமா? முடியாது என்றது வரித்துறை. ஒரு பணத்துக்கு இரண்டு சலுகையா என்பது அவர்கள் வாதம். ஊனமுற்ற வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். 2019-இல் ஃபே வழக்கில் வரி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்த சலுகையை ஒரு துறை அறிவிப்பு பறிக்க முடியாது என்பது காரணம். அடுத்த வருடம் வரித்துறையும் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது தேர்வு நம் கையில். முழுத் தொகையையும் சேர்க்கலாம், அல்லது முழுவதையும் விடலாம். பாதியைச் சேர்த்துப் பாதியை விட முடியாது.

மாலதிக்கு ஒன்பது வயதில் ஒரு பையன், கணவர் இல்லை, இந்தச் சம்பளம் தவிர வேறு வருமானமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 21,600-ஐச் சேர்த்துக் காட்டினால் ஈ.ஐ.டி.சி. 4,328 டாலர் வரும். குழந்தைக்கான சலுகையில் கையில் பணமாகக் கிடைக்கும் பகுதி 1,700. மொத்தம் 6,028 டாலர். சேர்க்காவிட்டால் பூஜ்யம். ரிட்டர்ன் போடாவிட்டாலும் பூஜ்யம்.

அப்படியானால் எப்போதும் சேர்த்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. அதே மாலதி பகலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து 30,000 டாலர் சம்பாதிக்கிறார் என்றால் கணக்கு தலைகீழாகிறது. சேர்த்தால் மொத்தம் 51,600. ஒரு பிள்ளை வைத்திருக்கும் தனித் தாய்க்கு 50,434-ஐத் தாண்டினால் ஈ.ஐ.டி.சி. கிடையாது. சேர்க்காமல் 30,000-ஐ மட்டும் காட்டினால் ஏறக்குறைய 3,265 டாலர் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு ஃபைல் செய்வதுதான் புத்திசாலித்தனம். மென்பொருளில் இது ஐந்து நிமிட வேலை. ஆனால் பல மென்பொருள்கள் இந்தக் கேள்வியை முன்னால் நீட்டாது, நாம்தான் தேடிப் போக வேண்டும். முதல் பெட்டியில் வராத தொகையை 1040-இன் 1டி வரிசையில் காட்டி, அதே தொகையை 8எஸ்-இல் கழிக்க வேண்டும். ஒரு கையால் வைத்து மறு கையால் எடுப்பது மாதிரி இருக்கும். அதில் தொகை சம்பாத்தியமாகப் பதிவாகிவிடும், வரிக்கு மட்டும் வராது. இது குழப்பமாக இருந்தால் வரித்துறையின் வீடா என்ற இலவசத் தன்னார்வலர் மையங்கள் பிப்ரவரியிலிருந்து நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் நடக்கும். அங்கே போய் 'நோட்டீஸ் 2014-7' என்று இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.

இதுவரை ஃபைகாவை நல்ல பிள்ளை மாதிரி ஓரமாக உட்காரவைத்திருந்தேன். சிலருக்கு அந்தப் பிடித்தமும் இல்லை. மனைவியைக் கணவன் பார்த்துக்கொண்டால் இல்லை, கணவனை மனைவி பார்த்தாலும் இல்லை. பிள்ளையைப் பெற்றவர் பார்த்துக்கொண்டால் பொதுவாக இல்லை. 21 வயது நிரம்பாத பிள்ளை அப்பா அம்மாவைப் பார்த்தாலும் இல்லை. முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றவில்லை. ஆட்டிசம் உள்ள மகனுக்காக இருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். ஐ.எச்.எஸ்.எஸ். சம்பளம் வருகிறது, வருமான வரி இல்லை, ஃபைகா இல்லை. ஆனால் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வாங்க 40 கிரெடிட் சேர வேண்டும். 2025-இல் 1,810 டாலர் சம்பளத்துக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு நான்குதான் சேரும், ஆகக் குறைந்தது பத்து வருட உழைப்பு. பிடித்தம் இல்லாத சம்பளத்துக்குக் கிரெடிட்டும் இல்லை. பதினைந்து வருடம் இரவும் பகலும் பார்த்தாலும் அவர் பெயரில் அந்த வேலை எழுதப்படுவதில்லை. 65 வயதில் மெடிகேரின் மருத்துவமனைப் பகுதி பிரீமியம் இல்லாமல் கிடைப்பதற்கும் அதே 40 கிரெடிட்தான் அளவு. கணவரின் கணக்கிலிருந்து பங்கு கிடைக்க வழி உண்டு, அதற்குக் கணவர் இந்த ஊரில் போதிய காலம் வேலை செய்திருக்க வேண்டும். நடுவயதில் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த குடும்பங்களில் இருவருக்குமே வருடங்கள் போதாமல் இருப்பது சாதாரணம். வருடத்துக்கு ஒருமுறை சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து எத்தனை கிரெடிட் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைகிறது என்றால் வேறிடத்தில் சிறிய பகுதிநேர வேலையாவது பார்த்து அதை நிரப்ப நேரம் இருக்கும்போதே தெரிய வேண்டும்.

முன்பெல்லாம் வரிக்குரிய வருமானம் பூஜ்யம் என்றால் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலும் பணம் போட முடியாது. 2019 டிசம்பரில் வந்த செக்யூர் சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. இந்தச் சம்பளத்தை வைத்து, வரிக்கழிவு கிடைக்காத வகை ஐ.ஆர்.ஏ.-வில் போடலாம்.

மேலே சொன்ன எல்லாம் அரசுத் திட்டத்திலிருந்து பணம் வரும்போது. அம்மா தன் சேமிப்பிலிருந்தே மகளுக்குச் சம்பளம் கொடுத்தால் கதை வேறு. நோட்டீஸ் 2014-7 அங்கே செல்லாது, ஒரே வீட்டில் இருந்தாலும் மகள் வருமான வரி கட்ட வேண்டும். சட்டத்தின் பார்வையில் அம்மா அப்போது முதலாளி. 21 வயது தாண்டிய மகளுக்கு வருடத்தில் 2,800 டாலருக்கு மேல் கொடுத்தால் இரு பக்கமும் சேர்த்து 15.3 சதவீதம் ஃபைகா கட்ட வேண்டும். அம்மா அதைத் தன் ரிட்டர்னோடு ஷெட்யூல் எச் என்ற இணைப்புப் படிவம் வைத்துக் கட்டுவார். பெற்ற மகளுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று எழுதுவதா என்று நம் வீடுகளில் கூசுவார்கள். 'அன்பளிப்பாகக் கொடுத்தேன்' என்பார்கள். உண்மையிலேயே அன்பளிப்பு என்றால் பிரச்சினை இல்லை. வேலைக்குக் கூலியாக மாதாமாதம் போவதை அன்பளிப்பு என்று அழைத்தால் அது அன்பளிப்பாகிவிடாது. பின்னாளில் அம்மாவுக்கு மெடிகெய்ட் விண்ணப்பிக்கும்போது அந்தப் பணம் எங்கே போனது என்ற கேள்வி வரும், கையில் எழுத்து இல்லாவிட்டால் அப்போது கஷ்டம்.

சில இடங்களில் டபிள்யூ-2-க்குப் பதில், சுயதொழில் செய்பவர்களுக்குக் கொடுக்கிற 1099 என்ற தாளைக் கொடுப்பார்கள். தொழிலாகச் செய்யாமல் தன் குடும்பத்தவரை மட்டும் பார்க்கிறவருக்குச் சுயதொழில் வரி கிடையாது, அதைக் கட்டிவிடாதீர்கள். முன்னாள் ராணுவத்தினரைப் பார்க்கும் குடும்பத்தவருக்கு அவர்களுக்கான அரசுத் துறை கொடுக்கும் மாத உதவித்தொகைக்கும் வருமான வரி இல்லை.

அந்த அக்காவிடம் திரும்ப வருகிறேன். காலிப் பெட்டி ஏன் காலி என்று சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார், "அப்போ அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் முதல் பெட்டியில பணம் இருந்துச்சே? அப்பவும் அம்மா என்கூடத்தானே இருந்தாங்க?" 2298 படிவத்தை அவர் கொடுத்ததே போன வருடம்தான். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு வருடமும் ஒழுங்காக வரி கட்டியிருக்கிறார்.

ரிட்டர்ன் ஃபைல் செய்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டால் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். மாநிலத்துக்குத் தனியாக ஒன்று. பழைய டபிள்யூ-2, பழைய ரிட்டர்ன், அம்மாவும் தானும் ஒரே முகவரியில் இருந்ததற்கு ஏதாவது கடிதங்கள் இருந்தால் போதும் என்றேன். மெடி-காலில் இருந்து அம்மாவுக்கு வந்த தபால் உறைகளைக்கூட அவர் தூக்கிப்போடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டின்னோடு வந்தார்.